கதையை விடுங்கள், கடிதத்தைக் காட்டுங்கள்!



சிலுவைப் போர் என்ற சொல்லை நீங்கள் எத்தனை மேடைகளில் கேட்டிருப்பீர்கள்? எத்தனை முறை உங்கள் கைப்பேசிக்கு அது செய்தியாக வந்திருக்கும்? சரி. அந்தப் போரில் கலந்து கொண்ட ஒருவன் தன் கைப்பட எழுதிய ஒரே ஒரு கடிதத்தையாவது நீங்கள் படித்ததுண்டா?

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஒரு மனிதர் என்னைக் கேள்வி கேட்கும் வரை நானும் படித்ததில்லை.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ராணிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு தெருமுனைக் கூட்டம். சிலுவைப் போர்களைப் பற்றி ஒரு மணி நேரம் முழங்கினேன். ஜெரூசலத்தில் எழுபதாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள் என்றேன். போப்பாண்டவர் சொன்னதாக ஒரு வாசகத்தையும் எடுத்து வீசினேன். தக்பீர் முழக்கம் வானைப் பிளந்தது. கூட்டம் கலைந்த பின் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் என்னிடம் வந்தார். கிறிஸ்தவர். நம் பிள்ளைகள் பலருக்குக் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்.

“ஹஜ்ரத், நல்லா பேசினீங்க. எழுபதாயிரம்னு சொன்னீங்களே, அதை யார் எழுதினது? போப் சொன்னதா ஒண்ணு சொன்னீங்களே, அது எந்தக் கடிதத்துல இருக்கு? நானும் படிக்கணும்” என்றார்.

அவர் வம்புக்கு வரவில்லை. கணக்கு வாத்தியார் விடைக்கு வழி கேட்பது போலக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. “பார்த்துச் சொல்றேன் சார்” என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. செய்தி வந்தால் தீர விசாரித்துத் தெளிவு பெறுங்கள், இல்லையேல் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்று இறைவன் எச்சரிக்கும் வசனத்தை (49:6) ஆண்டாண்டு காலமாக ஜும்ஆவில் ஓதி விளக்கம் சொன்னவன் நான்! ஹதீஸுக்கு அறிவிப்பாளர் வரிசை கேட்கக் கற்றவன், வரலாற்றுக்கு அதைக் கேட்க மறந்தது எப்படி?

தோல் வியாபாரிகளே, உங்களையே கேட்கிறேன். கட்டின் மேலே கிடக்கும் ஒரு தோலைப் பார்த்துவிட்டு முழுக் கட்டுக்கும் விலை பேசுவீர்களா? அவிழ்த்துப் போட்டு, ஒவ்வொன்றாகப் புரட்டி, கத்தி வெட்டு இருக்கிறதா, உண்ணி கடித்த தழும்பு இருக்கிறதா என்று பார்த்து ரகம் பிரிக்க மாட்டீர்களா? வரலாற்றையும் அப்படிப் புரட்டித்தான் பார்க்க வேண்டும். வாருங்கள், புரட்டுவோம்.

ஜெரூசலம்: எதிரியின் கடிதமும் நம் ஏடும்

1095 நவம்பரில் பிரான்சு நாட்டின் கிளெர்மோன் நகரில் போப் இரண்டாம் அர்பன் புனிதப் போருக்கு அறைகூவல் விடுத்தார். அந்தப் பேச்சை அன்றே எழுதி வைத்தவர் எவருமில்லை. பின்னர், ஜெரூசலம் வீழ்ந்த பிறகு, பலர் தத்தம் போக்கில் எழுதினார்கள். ஒருவர் எழுதியது போல் மற்றவர் எழுதவில்லை. நான் மேடையில் வீசிய வாசகத்தை அந்தப் பிரதிகளிலும் தேடினேன். கிடைக்கவில்லை. ஆனால் அதே டிசம்பரில் பிளாண்டர்ஸ் மக்களுக்கு அர்பன் அனுப்பிய கடிதம் இன்றும் இருக்கிறது. கிழக்கில் தேவாலயங்கள் அழிகின்றன, உதவிக்குப் புறப்படுங்கள் என்று அழைக்கும் சிறு கடிதம் அது. பேச்சு புகையாகப் போனது, கடிதம் நின்றது!

புறப்பட்டவர்களில் ஒருவர் பிளோவா நாட்டுப் பிரபு ஸ்டீபன். 1098-ல் அந்தியோக்கியா நகரை முற்றுகையிட்டபடி தன் மனைவி அடேலாவுக்குக் கடிதம் எழுதுகிறார். அதில் பக்தி இருக்கிறது. கூடவே, தான் புறப்பட்டபோது இருந்ததைப் போல இரண்டு மடங்கு பொன்னும் வெள்ளியும் இப்போது தன்னிடம் இருப்பதாகவும் சொல்கிறார். மனைவியிடம் சொன்ன வார்த்தை அது, மேடைக்காகச் சொன்னதல்ல. சிலுவையும் செல்வமும் ஒரே காகத்தின் இரண்டு சிறகுகளாகப் பறந்ததற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

1099 ஜூலை 15-ல் ஜெரூசலம் வீழ்ந்தது. செப்டம்பரில் சிலுவைத் தலைவர்களின் பெயரால் போப்புக்கு ஒரு கடிதம் போனது. குதிரைகளின் முழங்கால் அளவுக்கு ரத்தம் ஓடியதாக அதில் பெருமை பேசியிருக்கிறார்கள். படுகொலையை மறைக்கவில்லை, மார்தட்டிச் சொன்னார்கள். ஆனால் தீர விசாரிப்போம். அந்த உவமை அவர்களுடைய வேத நூலின் கடைசி ஆகமத்திலிருந்து எடுத்தது. அதை அனுப்பியவர்களில் முதல்வரான பைசா நகரத்துப் பேராயர் தைம்பர்ட் நகரம் வீழ்ந்த நாளில் அங்கே இருக்கவே இல்லை. அவருடைய கப்பல்கள் வந்ததே பிறகுதான். ஆகவே ‘கொன்றோம்’ என்ற ஒப்புதலை ஏற்போம். முழங்கால் அளவை ஏற்க மாட்டோம்.

சரி, என் எழுபதாயிரம் என்ன ஆனது? அது இப்னுல் அதீரின் வரலாற்று நூலில் இருக்கிறது. அந்தப் பேரறிஞர் பிறந்தது 1160-ல். சம்பவம் நடந்து அறுபது ஆண்டுகள் கழித்து! ஆனால் அதே காலத்தில் வாழ்ந்தவர், ஜெரூசலத்தில் கல்வி பயின்றவர், அந்தலூசிய அறிஞர் அபூபக்ர் இப்னுல் அரபி. அல்அக்ஸாவில் கொல்லப்பட்டோர் மூவாயிரம் பேர் என்று அவர் எழுதுகிறார். நான் எதைச் சொல்லியிருக்க வேண்டும்? அன்று வாழ்ந்தவரின் சாட்சியையா, பின்னால் வந்தவரின் சாட்சியையா? மூவாயிரம் உயிர் போதாதா, நெஞ்சைப் பிளக்க? ஒரு உயிரை அநியாயமாகக் கொல்வது மனித குலம் முழுவதையும் கொல்வதற்குச் சமம் என்று நம்புகிற நமக்குக் கூட்டிச் சொல்ல வேண்டிய தேவைதான் என்ன?

மூன்றாவது சாட்சியும் உண்டு. கெய்ரோ யூத ஆலயத்தின் பழங்காகித அறையிலிருந்து ஒரு கடிதம் கிடைத்தது. 1100 வாக்கில் அஸ்கலான் நகரத்து யூதப் பெரியவர்கள் எகிப்தில் இருந்தவர்களுக்கு எழுதியது. ஜெரூசலத்தில் சிறைப்பட்டவர்களை மீட்கப் பணம் கேட்கிறார்கள். கூடவே 230 வேதப் பிரதிகளையும் 8 தோராச் சுருள்களையும் விலை கொடுத்து மீட்டதாகக் கணக்குச் சொல்கிறார்கள். தோராச் சுருள் என்றால் பதனிட்ட தோலில் எழுதியது. நம் ஊர்க்காரனுக்கு அதன் அருமை தெரியும். உயிரை மீட்ட கையாலேயே ஏட்டையும் மீட்டார்களே, கவனித்தீர்களா?

நம்மவர் உஸாமா இப்னு முன்கித் அந்தக் காலத்துப் போர்வீரர். பிராங்கியரின் முரட்டுத்தனத்தைச் சொல்லிச் சிரிக்கும் அவரே, அல்அக்ஸாவில் தான் தொழுவதற்குச் சிலுவைப் படையின் டெம்ப்ளர் வீரர்கள் இடம் ஒதுக்கிக் கொடுத்ததையும் எழுதுகிறார். பயணி இப்னு ஜுபைர் 1184-ல் அப்பகுதியைக் கடந்தபோது, போர் ஒரு பக்கம் நடக்க, முஸ்லிம் வணிகரும் கிறிஸ்தவ வணிகரும் ஒருவர் நாட்டுக்கு ஒருவர் சரக்கு கொண்டு போவதைப் பார்த்தார். பிராங்கியர் ஆட்சியில் இருந்த முஸ்லிம் விவசாயிகள் சிலர், முஸ்லிம் ஜமீன்தார்களிடம் இருந்தவர்களைவிட நிம்மதியாக வாழ்ந்ததையும் மனம் நொந்து பதிவு செய்தார். உங்களுக்கு எதிராக இருந்தாலும் நீதியின் சாட்சியாக நில்லுங்கள் என்ற கட்டளை (4:135) அவர் பேனாவில் இருந்தது. நம் நாவில் இருக்கிறதா?

நம் கடலுக்கு வந்த சிலுவைப் போர்

‘ஜெரூசலம் எங்கே, ராணிப்பேட்டை எங்கே’ என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் போர் அங்கேயே முடிந்துவிடவில்லை சகோதரர்களே! கப்பலேறி நம் கரைக்கும் வந்தது.

1452-லும் 1455-லும் போப் ஐந்தாம் நிக்கோலஸ் போர்த்துகல் அரசருக்கு ஆணைகள் பிறப்பித்தார். முஸ்லிம்களையும் பிற சமயத்தாரையும் வென்று, நாட்டைப் பிடித்து, நிரந்தர அடிமைகளாக்க உரிமை தந்த ஆணைகள் அவை. அந்த உரிமையோடு 1498 மே மாதம் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரைக்கு வந்தான். உடன் வந்தவர் எழுதிய நாட்குறிப்பு இருக்கிறது. எதைத் தேடி வந்தீர்கள் என்று கேட்டதற்குக் கிறிஸ்தவர்களையும் மிளகு முதலான வாசனைச் சரக்கையும் தேடி வந்தோம் என்று பதில் சொன்னதாக அதுவே சொல்கிறது. ஸ்டீபன் பிரபு மனைவிக்கு எழுதிய அதே இரண்டு சிறகு!

1502-ல் காமா மீண்டும் வந்தபோது மக்காவிலிருந்து திரும்பிக் கொண்டிருந்த ஒரு கப்பலை மலபார்க் கடலில் மறித்தான். அதன் பெயர் மீரி. ஹாஜிகளும் வணிகர்களும் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். மீட்புப் பணம் தருகிறோம் என்று கெஞ்சினார்கள். பணத்தையும் பறித்துக் கொண்டு கப்பலுக்குத் தீ வைத்தார்கள். நமக்கு இதைச் சொல்பவர் யார்? காமாவின் கப்பற்படையில் எழுத்தராக இருந்த தொமே லோபஸ்! பெண்கள் தங்கள் நகைகளையும் கைக்குழந்தைகளையும் தூக்கிக் காட்டி இரக்கம் கேட்டதை அவரே எழுதினார். 1502 அக்டோபர் 3, திங்கட்கிழமை. அந்த நாளை வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டேன் என்றும் எழுதினார். பயணிகள் எத்தனை பேர் என்பதில் பதிவுக்குப் பதிவு கணக்கு மாறுகிறது. நடந்தது மாறவில்லை. கொலைகாரனின் சொந்த எழுத்தரே சாட்சிக் கூண்டில் நிற்கும்போது, நாம் எதற்குக் கதை கட்ட வேண்டும்?

1510 நவம்பரில் அல்புகர்க் கோவாவைப் பிடித்தான். டிசம்பர் 22-ல் மன்னர் மனுவேலுக்குக் கடிதம் எழுதினான். கண்ட முஸ்லிம் எவரையும் விடவில்லை, பள்ளிவாசல்களில் அடைத்துத் தீயிட்டோம் என்று அதில் கணக்குக் கொடுக்கிறான். ஆறாயிரம் பேர் என்கிறான். அரசனிடம் நல்ல பெயர் வாங்க எழுதியது என்பதால் எண்ணைச் சந்தேகிக்கலாம். செயலைச் சந்தேகிக்க முடியாது. இந்தக் கடிதங்கள் 1884 முதல் லிஸ்பனில் அச்சாகி வெளிவந்தன. அச்சிட்டவர்கள் போர்த்துகீசியர்களே. முன்னோரின் கொடுமையை மறைக்காமல் அச்சேற்றிய அந்த நேர்மையையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வணிகர்களே, இது உங்களுக்கு. அரபிக் கடலில் கப்பல் விட வேண்டுமானால் ‘கர்தாஸ்’ என்ற அனுமதிச் சீட்டைப் போர்த்துகீசியரிடம் வாங்க வேண்டும் என்று அவர்கள் சட்டம் போட்டார்கள். காகிதத்தைக் குறிக்கும் ‘கிர்தாஸ்’ என்ற அரபுச் சொல்லே அப்படித் திரிந்தது என்பார்கள். கப்பலின் பெயர், தலைவன், ஆயுதம், போகும் ஊர் எல்லாம் அதில் இருக்கும். மிளகு ஏற்றக் கூடாது என்ற தடையும் இருக்கும். சீட்டு இல்லாத கப்பலைப் பறிமுதல் செய்யலாம். நூற்றாண்டுக் கணக்கில் எவரும் சீட்டு வாங்காமல் சென்ற கடலுக்கு ஒரே நாளில் முதலாளி முளைத்தான்! சிலுவைக் கொடியின் கீழ் நடந்தது சுங்கவரி வேட்டையும்தான்.

நம் தமிழ்க் கரையும் தப்பவில்லை. 1538-ல் ராமநாதபுரம் கரையில் வேதாளையில் மரக்காயர்களின் கப்பற்படையைப் போர்த்துகீசியர் முறியடித்தார்கள். முத்துக்குளித்துறையின் வணிகம் கை மாறியது.

பொன்னானியின் பேனா

இத்தனையும் எதிரியின் ஏடு. நம் ஏடு எங்கே? மதரஸாவில் படித்த காலத்தில் மலபார் மாணவர்கள்தான் எனக்கு அந்தப் பெயரைச் சொன்னார்கள். வேலூர் பாக்கியாத்துக்கும் மலபாருக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியும். கேரளத்தில் ‘பாகவி’ பட்டம் பெற்ற ஆலிம்கள் எத்தனை பேர்! பொன்னானியைச் சேர்ந்த ஷைக் ஸைனுத்தீன் மக்தூம் அரபியில் எழுதிய துஹ்ஃபதுல் முஜாஹிதீன் 1583 வரையிலான நிகழ்ச்சிகளைச் சொல்கிறது. பிஜப்பூர் சுல்தான் அலி ஆதில் ஷாவுக்கு அர்ப்பணித்த நூல். அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்களில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் முஹம்மது ஹுஸைன் நயினார். 1942-ல் பல்கலைக்கழகமே வெளியிட்டது. நம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த நூல். எத்தனை பேர் தொட்டோம்?

அதில் போர்த்துகீசியரின் கொடுமைப் பட்டியல் இருக்கிறது: ஹஜ் பயணத்தைத் தடுத்தது, பள்ளிவாசல்களை எரித்தது, கப்பல்களைப் பறித்தது. ஆனால் அதோடு நிற்கவில்லை. முஸ்லிம்களின் பிளவையும் நன்றிகெட்டதனத்தையும் மக்தூம் கண்டிக்கிறார். உதவிக்கு வராத முஸ்லிம் மன்னர்களைச் சாடுகிறார். மலபாரின் ஹிந்து மன்னர்கள் முஸ்லிம்களிடம் நடந்து கொண்ட கண்ணியத்தை மனம் திறந்து பாராட்டுகிறார். 1571-ல் சாலியம் கோட்டையை மீட்டபோது கோழிக்கோட்டு காஜி முஹம்மது அரபியில் ஒரு நெடும்பாடல் இயற்றினார். அதன் தலைப்பே, முஸ்லிம்களை நேசிக்கும் சாமூதிரியின் தெளிவான வெற்றி என்ற பொருள் தருவது! ஹிந்து மன்னனின் வெற்றியை ஒரு காஜி அரபியில் பாடுகிறார். இதைச் சொல்லாமல் விட்டால் நாம் சொல்வது வரலாறா?

மறுபக்கமும் சொல்ல வேண்டும். அதே சாமூதிரி வம்சம் 1600-ல் போர்த்துகீசியரோடு சேர்ந்து நான்காம் குஞ்ஞாலி மரக்காயரை வீழ்த்தியது. கோவாவில் அவரைக் கொன்றார்கள். அரசியல் என்றும் ஒரே பக்கம் சாய்ந்ததில்லை.

எரிந்தது யாருடைய ஏடு?

இப்போது என் நெஞ்சை உலுக்கிய செய்திக்கு வருகிறேன். 1204-ல் ஜெரூசலத்துக்கு என்று புறப்பட்ட சிலுவைப் படை, கான்ஸ்டாண்டிநோபிள் என்ற கிறிஸ்தவப் பெருநகரைச் சூறையாடியது. நம் நாட்டிலும் அப்படியே. கேரளத்தின் பழைய சிரியன் கிறிஸ்தவர்கள் போர்த்துகீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கு இருந்தவர்கள். 1599-ல் உதயம்பேரூரில் பேராயர் மெனேசஸ் கூட்டிய சபை அவர்களுடைய சிரியாக் மொழி நூல்களைத் தவறானவை என்று தீர்ப்பளித்தது; பல நூல்கள் தீக்கிரையாயின. 1653-ல் மட்டாஞ்சேரியில் அந்தக் கிறிஸ்தவர்கள் கூடி, அந்த ஆதிக்கத்தை இனி ஏற்க மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். கூனன் குரிசு சத்தியம் என்று இன்றும் அதை நினைவுகூர்கிறார்கள்.

முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த பிரான்சிஸ் சேவியரின் கடிதங்களைப் பாருங்கள். அங்கிருந்த போர்த்துகீசிய அதிகாரிகள் புதுக் கிறிஸ்தவர்களான பரதவர்களுக்குச் செய்த அநீதியைக் கண்டு கொதிக்கிறார். அதே சேவியர் 1546-ல் கோவாவுக்குச் சமய விசாரணை மன்றம் வேண்டும் என்று அரசருக்கு எழுதினார். 1560-ல் அது வந்தது. ஒரே பேனாவில் இரக்கமும் இருந்தது, கடுமையும் இருந்தது. இரண்டையும் சொல்வதுதான் நீதி.

ஆக, கடிதங்கள் நமக்குச் சொல்வது என்ன? மதத்தின் பெயரால் மன்னர்களும் படைத்தலைவர்களும் நடத்திய கொள்ளையில் ஹாஜியும் எரிந்தான். சிரியன் கிறிஸ்தவனின் வேத ஏடும் எரிந்தது. அல்புகர்க்கின் கணக்கை ராணிப்பேட்டையில் எவரிடம் தீர்க்கப் போகிறோம்? நம் தாய்மார்களுக்குப் பிரசவம் பார்த்த ஸ்கடர் ஆஸ்பத்திரி நர்ஸிடமா? நம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தந்த வாத்தியாரிடமா? ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை உங்களை நீதி தவறச் செய்ய வேண்டாம் என்பது (5:8) மேடை அலங்காரத்துக்கு வந்த வசனமா?

அதே நேரத்தில், நடந்ததை மறந்துவிடுங்கள் என்று எவராவது நமக்கு உபதேசம் செய்தால் அதையும் ஏற்க மாட்டோம். மீரி கப்பலை மறப்பதற்கில்லை. ஆதாரத்தோடு நினைவில் வைப்போம்.

என்ன செய்யலாம்?

இளைஞனே! இனி ஒரு செய்தி உன் கைப்பேசிக்கு வந்தால் நான்கு கேள்வி கேள். எழுதியவன் யார்? எப்போது எழுதினான்? அந்த இடத்தில் இருந்தானா? யாரைத் திருப்திப்படுத்த எழுதினான்? நான்குக்கும் பதில் கிடைக்காவிட்டால் அடுத்தவனுக்குத் தள்ளாதே. நாம் பரப்பும் ஒரு பொய், நம்மிடம் உள்ள நூறு உண்மைகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். எதிரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கல்லூரியில் படிக்கும் தம்பிகளே! பொறியியலும் வணிகவியலும் படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊருக்கு ஒருவராவது வரலாறு படியுங்கள். அரபி நமக்கு உண்டு. போர்த்துகீசும் லத்தீனும் கற்றவன் ஒருவன் நம்மில் இருந்தால், இந்தக் கடிதங்களுக்காக மற்றவர் வாயைப் பார்க்க வேண்டியதில்லை.

பெரியவர்களே, முதலாளிகளே! கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள் என்று சொல்லும் வசனம் (2:282) குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். எழுத்துக்கு இறைவன் கொடுத்த மதிப்பு அது. நம் நிலை என்ன? பாட்டனார் காலத்துப் பேரேடுகள், கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் தோல் அனுப்பிய கடிதங்கள், உர்தூவிலும் அரபுத் தமிழிலும் எழுதிய குடும்பக் காகிதங்கள், பள்ளிவாசல் வக்ஃப் பத்திரங்கள் எல்லாம் எங்கே? பழைய பேப்பர்க்காரனிடம் எடைக்குப் போனவை எத்தனை? பரணில் கரையான் தின்றவை எத்தனை? உஸாமாவின் நாலாயிரம் நூல்களை அக்கா கடற்கரையில் பிராங்கியர் பறித்துக் கொண்டார்கள். மற்ற செல்வம் போனதைவிட அந்த நூல்கள் போனதே சாகும்வரை அவர் நெஞ்சில் காயமாக இருந்தது. நம்முடையதை எவரும் பறிக்கவில்லை. நாமே தொலைக்கிறோம்! ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒரு இரும்பு பீரோவை இதற்கென்று ஒதுக்கட்டும். ஒவ்வொரு காகிதத்தையும் படம் பிடித்து வைக்கட்டும். நாளை நமக்காகப் பேசப்போவது அவைதான்.

கடைசியாக, அந்தக் கணக்கு வாத்தியாரின் கதை. “பார்த்துச் சொல்றேன்” என்றவன், நாலைந்து ஆண்டுகள் கழித்து நகல்களை எடுத்துக் கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். எழுபதாயிரம் பற்றி நான் சொன்னது சரியில்லை என்றும், போப்பின் வாசகம் எங்கும் கிடைக்கவில்லை என்றும் முதலில் ஒப்புக்கொண்டேன். பிறகு தொமே லோபஸின் பக்கத்தைக் கொடுத்தேன். மெதுவாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

“இதை நீங்க மேடையில சொல்லணும் ஹஜ்ரத். எங்க சபையில நானும் சொல்றேன்” என்றார்.

ஒரு மணி நேர முழக்கத்தால் முடியாததை ஒரு பக்கக் காகிதம் செய்தது.

சிந்திப்பீர் சகோதரர்களே! உங்கள் வீட்டுப் பரணை இந்த வாரமே இறக்கிப் பாருங்கள்!